பேசாமல் இருப்பதும் ஜெபம்தானா? காவிரிக்கரை மாந்தோப்பில் தொடங்கிய தேடல்

ஜெபக்கூட்டம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மைக், கீபோர்டு, கைத்தட்டல், கண்ணீரோடு ஒரு சாட்சி, கடைசியில் டீயும் பிஸ்கட்டும். கோயில் வாசலில் ‘மூன்று நாள் தியானம்’ என்று போஸ்டர் ஒட்டியிருக்கும். நம்பி உள்ளே போனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிரசங்கம்தான். தமிழ்க் கிறிஸ்தவர்களின் பேச்சுவழக்கில் ‘தியானம்’ என்ற சொல்லுக்கே ‘நிறையப் பேச்சைக் கேட்பது’ என்று அர்த்தம் மாறிவிட்டது.

அதே கிறிஸ்தவத்துக்குள் வேறொரு பழக்கமும் இருக்கிறது. எட்டுப் பேரோ பத்துப் பேரோ ஒரு வீட்டு ஹாலில் வட்டமாக உட்காருகிறார்கள். கண்ணை மூடுகிறார்கள். இருபது நிமிஷம் யாரும் வாயைத் திறப்பதில்லை. பாட்டு இல்லை, விண்ணப்பம் இல்லை, ‘ஆமென்’கூட இல்லை. முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். இதையும் அவர்கள் ஜெபம் என்றே சொல்கிறார்கள்.

முதல்முறை கேட்பவர்கள் இரண்டு விதமாகக் கேட்பார்கள். கிறிஸ்தவராக இருந்தால், “இது யோகா மாதிரி இருக்கே, நம்ம வேதத்துல எங்க இருக்கு?” இந்துவாக இருந்தால், “இது எங்ககிட்டேருந்து எடுத்ததுதானே?” இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் தேடினால் நாமக்கல்லில் இருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய ஓர் இடத்துக்கு வந்து சேர்வோம்.

மாந்தோப்பில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

நாமக்கல்லில் இருந்து திருச்சி ரோட்டில் தொட்டியம் தாண்டினால் முசிறி. அங்கே காவிரிப் பாலத்தைக் கடந்தால் குளித்தலை. அதை ஒட்டிய தண்ணீர்ப்பள்ளி கிராமத்தில், ஆற்றங்கரையில் இருக்கிறது சச்சிதானந்த ஆசிரமம். ஊர்க்காரர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் அது ‘சாந்திவனம்’. வாசலில் கோபுரம் மாதிரி ஒரு அமைப்பு, அதில் மூன்று முகங்கள் கொண்ட ஓர் உருவம். தூரத்தில் இருந்து பார்த்தால் திரிமூர்த்தி என்றே நினைக்கத் தோன்றும். அது கிறிஸ்தவர்களின் திரித்துவம்: தந்தை, மகன், தூய ஆவி.

1950 மார்ச் 21-ல் இதை ஆரம்பித்தவர்கள் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள். ஒருவர் ஜூல் மோன்ஷனேன். லியோன் நகரத்து அறிவுஜீவி வட்டத்தில் பெரிய எதிர்காலம் இருந்தவர். அதை உதறிவிட்டு 1939-ல் இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்தின் கிராமப் பங்குகளில் பத்து வருஷம் சாதாரணச் சாமியாராக வேலை பார்த்தார். மற்றவர் ஹென்றி லெ சோ. பிரிட்டனி கடலோரத்தில் பிறந்து பெனடிக்ட் சபைத் துறவியானவர். இந்தியா வந்தது 1948-ல். பின்னாளில் உலகம் அவரை அபிஷிக்தானந்தா என்ற பெயரில் அறிந்தது.

திருச்சி ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சாவின் அனுமதியோடு இருவரும் காவி உடுத்தினார்கள், செருப்பை விட்டார்கள், தரையில் உட்கார்ந்து சைவம் சாப்பிட்டார்கள். அவர்கள் வாதம் எளிமையானது. இந்தியாவில் திருச்சபை பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறது, ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறது. ஆனால் கடவுள் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க ஓர் இடம் கட்டவில்லை. துறவிக்கு இவ்வளவு மரியாதை தரும் நாட்டில் கிறிஸ்தவத்துக்கு ஒரு ஆசிரமம்கூட இல்லாவிட்டால் எப்படி?

‘ஒன்றுகூட இல்லை’ என்பது முழு உண்மை அல்ல. சேலத்தில் இருந்து ஜோலார்பேட்டைக்குப் போகும் ரயில் பாதையில் உள்ள திருப்பத்தூரில் 1921-லேயே கிறிஸ்துகுல ஆசிரமம் வந்துவிட்டது. நடத்தியவர்கள் சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள். தமிழர் பெரியண்ணன், ஸ்காட்லாந்துக்காரர் சின்னண்ணன். வெள்ளைக்காரரைத் தம்பி ஸ்தானத்தில் வைத்து அழைத்ததே அந்தக் காலத்தில் ஒரு செய்திதான். ஆனால் அது புராட்டஸ்டன்ட் ஆசிரமம். மருத்துவ சேவை அதன் உயிர். மோன்ஷனேனும் லெ சோவும் தேடியது அதுவல்ல, மௌனத்தையே வேலையாகக் கொண்ட ஓர் இடம்.

யாரும் வரவில்லை

இங்கேதான் கதை சிக்கலாகிறது. இந்தியர்களுக்காகத் தொடங்கிய ஆசிரமத்தில் இந்தியர்கள் தங்கவில்லை. சிலர் வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். மோன்ஷனேன் நோயுற்று 1957 அக்டோபரில் பாரிஸில் இறந்தபோது, அவர் கனவு கண்ட துறவியர் சமூகம் உருவாகியே இருக்கவில்லை.

இருவருக்குள்ளும் விரிசல் இருந்தது. 1949 ஜனவரியில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைப் பார்த்த பிறகு லெ சோ பழைய ஆளாக இல்லை. 1952 முதல் அருணாசலக் குகைகளில் வாரக்கணக்கில் தனியாகத் தங்கினார். திருக்கோவிலூர் தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளிடம் போய் உட்கார்ந்தார். ‘நான்–நீ என்ற இரண்டே இல்லை’ என்கிறது அத்வைதம். ‘தந்தையே’ என்று கூப்பிட ஒருவர் எதிரே இருக்கிறார் என்கிறது கிறிஸ்தவம். இந்த இரண்டில் எதையும் விட முடியாமல் அவர் பட்ட அவஸ்தை, இறந்த பிறகு வெளியான அவரது நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக இருக்கிறது. மோன்ஷனேனோ வயதாக ஆக, இந்த இரண்டும் ஒருநாளும் சேராது என்ற பக்கமே சாய்ந்தார். கூட்டாளி போகும் தூரம் அவருக்குப் பயமாக இருந்தது.

1968-ல் லெ சோ சாந்திவனத்தை ஒப்படைத்துவிட்டு இமயமலைப் பக்கம் உத்தரகாசிக்குப் போனார். 1973 ஜூலையில் ரிஷிகேஷ் தெருவில் மாரடைப்பு வந்து விழுந்தார். அதே ஆண்டு டிசம்பர் 7-ல் இந்தூரில் இறந்தார்.

ஆசிரமத்தை எடுத்துக்கொண்டவர் பீட் கிரிஃபித்ஸ். இவரை இன்றைய இளைஞர்களுக்குச் சட்டென்று புரியும். ஆக்ஸ்போர்டில் சி.எஸ். லூயிஸிடம் படித்தவர். படிப்பு முடிந்ததும் 1930-ல் இரண்டு நண்பர்களோடு இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் ஒரு கிராமத்து வீட்டை எடுத்துக்கொண்டு தங்கினார். குழாய்த் தண்ணீர் கிடையாது, மின்சாரம் கிடையாது, கறக்க மாடு உண்டு. வேகமாக ஓடும் நவீன வாழ்க்கை வேண்டாம் என்று மூன்று பேர் எடுத்த முடிவு. பைபிளை இலக்கியமாகப் படிக்க ஆரம்பித்து, அது பிரார்த்தனையில் போய் நின்றது. ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் மூன்று பேர் சேர்ந்து வாழ்ந்ததில் கிடைத்த ருசி அவரை விடவில்லை. பெனடிக்ட் சபையில் சேர்ந்தார். 1955-ல் இந்தியா வந்தார். கேரளாவில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரானார். பிறகு தண்ணீர்ப்பள்ளி.

அவர் காலத்தில் சாந்திவனத்துக்குக் கூட்டம் வந்தது. பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் இருந்து. சூரிய உதயத்தில் ஒரு மணி நேரம், அஸ்தமனத்தில் ஒரு மணி நேரம் ஆற்றங்கரையில் மௌனம். நாளுக்கு மூன்று வேளை பொது ஜெபம், அதில் பைபிளோடு உபநிடதமும் தமிழ்ப் பாடல்களும். காலையில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் திருநீறு. 1993 மே 13-ல் அங்கேயே, தன் குடிசையில் இறந்தார்.

கோலாலம்பூர் வழியாக வந்த இன்னொரு பாதை

சாந்திவனம் துறவிகளுக்கான இடம். வேலைக்குப் போகிறவர்கள் அங்கே போய் எத்தனை நாள் உட்கார முடியும்? வீட்டு ஹாலில் பத்துப் பேர் உட்காரும் பழக்கம் வேறு ஒருவரிடம் இருந்து கிளம்பியது. அதற்குள்ளும் நம்ம பக்கத்து வாசனை இருக்கிறது.

1950-களில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசு வேலையில் இருந்தார் ஜான் மெயின் என்ற கத்தோலிக்க இளைஞர். அலுவல் விஷயமாக, கோலாலம்பூரில் சுத்த சமாஜம் என்ற அமைப்பையும் அநாதைக் குழந்தைகள் இல்லத்தையும் நடத்திவந்த சுவாமி சத்யானந்தாவைப் பார்க்கப் போனார். பேச்சு தியானத்தில் போய் நின்றது. சுவாமி அவரை மதம் மாறச் சொல்லவில்லை. உன் நம்பிக்கையில் இருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொள், காலையும் மாலையும் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார் என்பதுதான் பாடம்.

அடுத்து நடந்தது வேடிக்கை. 1959-ல் லண்டனில் பெனடிக்ட் சபையில் சேர்ந்தார் மெயின். இது கிறிஸ்தவ முறை இல்லை, விட்டுவிடு என்றார் பயிற்சி குரு. கீழ்ப்படிந்து விட்டுவிட்டார். பத்து வருஷம் கழித்து, வாஷிங்டனில் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக இருந்தபோது பழைய நூல்களைப் புரட்டினார். ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் கேசியன் எழுதிய ‘உரையாடல்கள்’ நூலில் எகிப்துப் பாலைவனத் துறவிகளின் ஜெப முறை இருந்தது: ஒரே ஒரு சிறிய வசனம், அதையே எப்போதும் திரும்பத் திரும்பச் சொல்வது. சுவாமி சொன்னதும் இதையேதான்! எது ‘கிறிஸ்தவம் இல்லை’ என்று விடச் சொன்னார்களோ, அது 1,500 வருஷமாக வீட்டுப் பரணிலேயே கிடந்திருக்கிறது.

அந்தப் பாலைவனத் துறவிகளின் ஏற்பாட்டையும் கவனிக்க வேண்டும். வார நாட்களில் தனித்தனிக் குடிசை, சனி ஞாயிறு எல்லோரும் கூடுவது. தனியாக இருந்தாலும் தனித்துவிடப்படவில்லை. மெயின் 1975-ல் லண்டன் ஈலிங் மடத்தில் ஆரம்பித்த சின்னக் குழுக்களும் இதே கணக்குதான். தினமும் வீட்டில் இரண்டு வேளை, வாரம் ஒருமுறை குழுவில். அவர் 1982-ல் இறந்தார். 1991-ல் அமெரிக்காவின் நியூ ஹார்மனியில் நடந்த கூட்டத்தில் கிறிஸ்தவத் தியானத்துக்கான உலகச் சமூகம் உருவானது. அந்தக் கூட்டத்தில் உரைகளை நடத்தியவர் தண்ணீர்ப்பள்ளியில் இருந்து போயிருந்த பீட் கிரிஃபித்ஸ். இரண்டு பாதைகளும் சந்தித்த இடம் அது.

சரி, உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்?

முதலில் ஒருவர் ஐந்து பத்து நிமிஷம் ஏதாவது வாசிப்பார், இல்லையென்றால் பதிவு செய்த பேச்சு ஒன்று ஓடும். பிறகு முதுகை நேராக்கி, கண்ணை மெல்ல மூடி இருபது முதல் முப்பது நிமிஷம் மௌனம். மெயின் சிபாரிசு செய்த சொல் ‘மாரநாதா’. ‘ஆண்டவரே வாரும்’ என்று அர்த்தம் தரும் அரமாயிக், இயேசு பேசிய மொழி. (தமிழ்க் காதுக்கு அது ‘நாதா’ என்று முடிவதால் ஏதோ சாமி பெயர் மாதிரி ஒலிப்பது தற்செயல்தான்.) மா–ர–நா–தா என்று நான்கு அசையாக மனதுக்குள் சொல்ல வேண்டும். இஎம்ஐ ஞாபகம் வரும், மேனேஜர் அனுப்பிய மெசேஜ் ஞாபகம் வரும், முட்டி வலிக்கும். கவனித்ததும் திட்டிக்கொள்ளாமல் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் முறை. பீட் கிரிஃபித்ஸ் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியது இது அல்ல. கிழக்குத் திருச்சபைகளில் புழங்கும் ‘இயேசு ஜெபம்’ என்ற ஒற்றை வரி வேண்டுதலை அவர் சொல்லிவந்தார்.

போனில் காம், ஹெட்ஸ்பேஸ் ஆப் வைத்திருப்பவர்கள், “நானும் இதைத்தானே செய்றேன்” என்பார்கள். உட்காரும் விதம் ஒன்றுதான். நோக்கம் வேறு. ஆப் உங்களுக்கு நல்ல தூக்கமும் குறைந்த டென்ஷனும் தருவதாகச் சொல்கிறது. இந்தக் குழுக்கள் எந்தப் பலனையும் வாக்குக் கொடுப்பதில்லை; இன்றைக்கு நன்றாக வந்ததா என்று மார்க் போடாதீர்கள் என்றும் சொல்கின்றன. எதிரே ஒருவர் இருக்கிறார் என்று நம்பி, அவர் முன்னால் பேசாமல் இருப்பது. ஐம்பது வருஷம் குடும்பம் நடத்திய தாத்தாவும் பாட்டியும் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பது மாதிரி.

ஒரு எச்சரிக்கையும் தேவை. மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் இது மருந்து அல்ல. நீண்ட மௌனம் சிலருக்குப் பழைய காயங்களைக் கிளறிவிடும். அப்படி ஆனால் போக வேண்டியது டாக்டரிடம்.

நாலாபக்கமும் கோபம்

பேசாமல் உட்காருகிறவர்களை யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தால் தப்பு. 1988-ல் சீதா ராம் கோயல் கத்தோலிக்க ஆசிரமங்களைச் சாடி ஒரு நூலே வெளியிட்டார். காவியும் ஓமும் மதமாற்றத்துக்குப் போட்ட வேஷம் என்பது அவர் குற்றச்சாட்டு. அடுத்த வருஷம் வத்திக்கானில் இருந்து கார்டினல் ராட்சிங்கர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வந்தது. யோகா, ஜென் முறைகளை அது தடை செய்யவில்லை. ஆனால் உடம்பில் தோன்றும் அமைதியைத் தூய ஆவியின் அருள் என்று எண்ணி ஏமாறாதீர்கள் என்று எச்சரித்தது. ஒரு பக்கம் ‘திருடுகிறார்கள்’, இன்னொரு பக்கம் ‘கரைந்துபோகிறார்கள்’.

இந்த இரண்டையும்விடக் கனமான மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பது தலித் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் அவர்கள்தான் பெரும்பகுதி. எந்த அடையாளங்கள் எங்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினவோ, அதே சமஸ்கிருதத்தையும் சந்தனத்தையும் ‘இந்தியத்தன்மை’ என்று எங்கள் பூசைக்குள் கொண்டுவருகிறீர்களே, இது யாருடைய இந்தியா என்கிறார்கள். பறைக்கு அங்கே இடம் உண்டா?

சேலம், நாமக்கல் பகுதிக்கு இது 400 வருஷப் பழைய கேள்வி. மதுரையில் பிராமணச் சந்நியாசி கோலத்தில் வாழ்ந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி, 1623-ல் வடக்கே கிளம்பி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் கிறிஸ்தவர்களுக்கும் ஆகும் என்று போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி அளித்ததும் அதே 1623-ல்தான். ஆனால் அந்தக் கோலத்தைக் காப்பாற்ற நொபிலி ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களிடம் இருந்து விலகி நிற்க வேண்டியிருந்தது. அவர்களுக்கென்று பிறகு ‘பண்டார சுவாமிகள்’ என்று தனியாகக் குருக்கள் ஏற்பட்டார்கள். சாந்திவனத்தைத் தொடங்கியவர்கள் தங்கள் முன்னோடியாகப் பார்த்தது நொபிலியை. அந்த வழியில் கிடைக்கும் சொத்தோடு கடனும் சேர்ந்தே வரும்.

ஆசிரமத்தில் ஏன் உள்ளூர்க்காரர்கள் சேரவில்லை என்பதற்கு மோன்ஷனேன் காலத்தில் பல காரணங்கள் சொன்னார்கள்: கடுமையான வாழ்க்கை, பழக்கமில்லாத முறை என்று. இந்தக் காரணத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் நேர்மை. வயலில் வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு, செருப்பில்லாமல் தரையில் சாப்பிடுவது துறவு இல்லை. அது தினப்படி வாழ்க்கை.

இதில் வீட்டுக் குழுக்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. காவி வேண்டாம், சமஸ்கிருதம் வேண்டாம், கோபுரம் வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலி போதும். மௌனத்துக்குச் சாதி அடையாளம் ஒட்டுவது கொஞ்சம் கஷ்டம். ஆனால் யார் வீட்டு ஹாலில் கூடுகிறார்கள், யார் அந்த வீட்டுக்குள் வர முடிகிறது என்ற கேள்வி அப்போதும் மிச்சம் இருக்கும்.

அன்பியத்தின் நான்காம் படி

கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 6 சதவீதம். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அதைவிடவும் ரொம்பக் குறைவு. 1930-ல் உருவான சேலம் மறைமாவட்டத்தில் பங்குகள் பரந்து கிடக்கும், குடும்பங்கள் சிதறிக் கிடக்கும். அப்படிப்பட்ட இடங்களில் ஞாயிறு பூசையைத் தவிர ஆட்களைச் சேர்த்து வைத்திருப்பது அன்பியம்தான். ஒரு தெருவில், ஒரு ஊரில் இருக்கும் சில கத்தோலிக்கக் குடும்பங்கள் முறை வைத்து வீடு வீடாகக் கூடும் சின்னக் குழு. ஜெபமாலை, பாட்டு, பைபிள் பகிர்வு, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்ற விசாரிப்பு.

அன்பியங்களில் பைபிள் பகிர்வுக்குப் பயன்படும் ‘ஏழு படி’ முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ பயிற்சி நிலையத்தில் உருவானது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லை உரக்கச் சொல்வது என்று போய், பகிர்வு, செயல், வேண்டுதல் என்று முடியும். நடுவில், சரியாக நான்காவது படி: மௌனம். குழு முழுவதும் சில நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும் என்பது விதி.

இருட்டிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்கணும், குழந்தை அழுகிறது என்றால் ஏழில் முதலில் சுருங்குவது அந்தப் படிதான். யாராவது இருமுவார்கள், ஒருவர் பைபிளைப் புரட்டுவார், “சரி, அடுத்து பகிர்ந்துக்கலாம்” என்று குரல் வந்துவிடும். காவிரிக்கரைக்குப் போய்த் தங்க லீவு கிடைக்காதவர்களுக்கும், ‘மாரநாதா’ என்ற சொல்லே அந்நியமாகப் படுகிறவர்களுக்கும் இந்த முறையில் ஏற்கெனவே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு எந்த ஆயரிடமும் புதிதாக அனுமதி வாங்க வேண்டியதில்லை. அடுத்த முறை யார் வீட்டில் கூட்டமோ, அந்த வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “அஞ்சு நிமிஷம் ஆகட்டும்” என்று சொல்ல வேண்டும்.